இரண்டு மாஸ்டர் சிலிண்டர், ஒரே பெடல்: பிரேக்கில் ஏர் எடுத்த மூன்று சனிக்கிழமைகள்

முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெடலை மிதித்தேன். பாதி தூரம் சும்மா போனது. அப்புறம் கல்லில் முட்டின மாதிரி டக்கென்று நின்றது. பிரேக் லைனில் ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும் என்பது வண்டி வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். இது பஞ்சு மாதிரியும் இல்லை, நல்ல பிரேக் மாதிரியும் இல்லை. லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம். அதற்கே ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது. நான்கு சக்கரத்திலும் குமிழி வருவது நின்று வெகு நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெடலை நம்பி வண்டியை வாசலைத் தாண்டி எடுக்க முடியாது.

இதைச் சரிசெய்ய மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன. முதல் நாள் முழுவதும் வீணாகப் போனதற்குக் காரணம் ஒன்றுதான். சாதாரணக் காருக்கு ஏர் எடுக்கும் முறையையே இதற்கும் செய்தேன். பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் தனித்தனியாக இரண்டு, நடுவில் பேலன்ஸ் பார் என்று இருக்கிற வண்டிக்கு அந்த முறை ஒத்துவராது. ஏன் ஒத்துவராது என்று எனக்குப் புரிந்த வழியைக் கணக்கோடு எழுதிவைக்கிறேன். கல்லூரி மாணவர் போட்டிக்காக ஃபார்முலா கார் கட்டுகிறவர்களுக்கும் இதே பெடல் அமைப்புதான் பெரும்பாலும் இருக்கும், அவர்களுக்கும் உதவும்.

முதலில் வண்டி. நான் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்காம் பக்கம். நான்கு வருடமாகக் கராஜில் ஒரு கிட் கார், அதாவது பாகங்களை வாங்கி நாமே பூட்டுகிற கார், கட்டிக்கொண்டிருக்கிறேன். லோட்டஸ் செவன் வடிவம்: நீண்ட மூக்கு, கதவு கிடையாது, முன்சக்கரங்கள் உடலுக்கு வெளியே. 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த அந்தக் காரைப் பலர் உதிரிகளாகவே வாங்கித் தாங்களே பூட்டிக்கொண்டார்கள். முழுக் காராக வாங்கினால் அன்றைய பிரிட்டிஷ் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரிகளாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1973இல் கேட்டர்ஹாம் அந்தக் காரின் உரிமையை வாங்கிக்கொண்டது. அதே வடிவத்தில் சிறு சிறு பட்டறைகள் செய்து விற்கும் சட்டகங்களும் இந்த நாட்டில் நிறைய உண்டு. என்னுடையது அப்படி வந்த சட்டகம். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் காலிப்பர்களும் (சக்கரத்தின் டிஸ்க்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பழைய கார்களிலிருந்து எடுத்தவை. பெடல் பெட்டி, மாஸ்டர் சிலிண்டர், முன் காலிப்பர் எல்லாம் புதியவை.

இன்றைய சாலைக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான் இருக்கும். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள் இருந்து இரண்டு சுற்றுகளுக்கு ஆயிலைத் தள்ளும். என் வண்டியில் அப்படி இல்லை. பக்கம் பக்கமாக இரண்டு சிலிண்டர்கள்: ஒன்று முன்சக்கரங்களுக்கு, 0.625 இன்ச் துளை. மற்றொன்று பின்சக்கரங்களுக்கு, 0.7 இன்ச். துளை சிறியதாக இருந்தால் அதே மிதிக்கு அழுத்தம் கூடும். அதனால் முன்பக்கத்துக்குச் சிறியது. பெடலின் நடுவில் ஒரு குழாய் பற்றவைத்திருக்கும். அதற்குள் உருண்டை பேரிங். அந்த பேரிங்கின் ஊடே மரை வெட்டிய ஒரு கம்பி குறுக்கே போகும். கம்பியின் இரு முனைகளும் இரண்டு சிலிண்டர்களின் புஷ் ராடுகளை, அதாவது பிஸ்டனை அழுத்தும் தண்டுகளை, தள்ளும். இந்தக் கம்பிதான் பேலன்ஸ் பார். தராசுக் கோல் மாதிரி. பேரிங் எந்தச் சிலிண்டருக்குப் பக்கமாக நகர்கிறதோ அந்தச் சிலிண்டருக்கு மிதியில் அதிகப் பங்கு போகும்.

தராசுக் கோல் என்று நானே அதை வர்ணித்துவிட்டு, ஏர் எடுக்கும்போது மட்டும் அது தராசு என்பதை மறந்துவிட்டேன்.

லைன் எல்லாம் 3/16 இன்ச் செம்பு-நிக்கல் குழாய். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கிட் காரில் பல நாட்டுப் பாகங்கள், பல காலத்துப் பாகங்கள் கலந்திருக்கும். என் மாஸ்டர் சிலிண்டரில் 3/8 இன்ச் யுஎன்எஃப் என்ற இன்ச் அளவு மரை. பின் காலிப்பரில் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. குழாயை மாட்டும், வெளிப்பக்கம் மரை உள்ள இரண்டு நட்டையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். விட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. 3/8 நட்டு மெட்ரிக் துளைக்குள் தொளதொளவென்று ஏறியும்விடும், இறுக்கினால் இறுகினது போலவும் இருக்கும். அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டு வகை நட்டுகளையும் வெவ்வேறு டப்பாவில் போட்டு, மெட்ரிக் நட்டுகளின் தலையில் சிவப்புப் பெயிண்ட் வைத்துத்தான் வேலை செய்தேன். கையால் இரண்டு மூன்று சுற்று போகும்போது ஆட்டம் இருந்தால் அது தப்பான நட்டு. ஸ்பேனரைத் தொடவே கூடாது.

ஆயில் டாட் 4. எல்லாரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகை திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம்; 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அதனால் திறந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. நிப்பிள் (காற்றை வெளியே விடுவதற்குக் காலிப்பரில் இருக்கும் சிறு திருகு) வழியாக வெளியே வந்ததைத் திரும்பவும் ஊற்றுவதும் இல்லை. பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தால் உரித்துவிடும். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் கரையும் என்பதால் உடனே கழுவினால் தப்பிக்கலாம்.

முதல் சனிக்கிழமைக்கு வருகிறேன். வண்டி நான்கு ஸ்டாண்டில். சக்கரங்கள் கழற்றியாகிவிட்டது. என் மனைவி பெடலில், நான் சக்கரத்தில். சின்ன வயதில் திருப்பூரில் வீட்டுக்கு எதிரே லாரிப் பட்டறை இருந்தது. "மிதி... பிடி... விடு" என்று வண்டிக்கு அடியிலிருந்து வரும் குரலைக் கேட்டே வளர்ந்தவன். அதே மூன்று சொல்லைத்தான் நாங்களும் வைத்துக்கொண்டோம். மிதித்துப் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறப்பது, பெடல் தரையைத் தொட்டதும் மூடுவது, அப்புறம் பெடலை விடுவது. தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பது. ஸ்டீயரிங்கும் பெடலும் வலப்பக்கம் இருக்கிற வண்டி என்பதால் எனக்கு அது இடது பின்சக்கரம்.

ஆரம்பத்தில் காற்று நன்றாக வந்தது, அப்புறம் ஆயில். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வந்தது கொஞ்சமே கொஞ்சம். பெடல் தரைவரை போகவே இல்லை; பாதியில் முட்டியது. புது சிலிண்டர், இறுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு சக்கரமும் முடித்தோம், திரும்ப ஒருமுறை முடித்தோம். கைப்பம்பு வைத்து நிப்பிளிலிருந்து உறிஞ்சியும் பார்த்தேன். அதில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஆனால் அது லைனில் இருந்த காற்று இல்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றையே பம்பு இழுத்துக்கொண்டிருந்தது. மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவியதும் நின்றுவிட்டது. உறிஞ்சும் பம்பு வைத்திருக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் இல்லாத காற்றைத் துரத்திக்கொண்டு நாள் போய்விடும்.

மாலையில்தான் முதல் பத்தியில் சொன்ன அந்தப் பெடல்.

அந்த வாரம் முழுவதும் மனம் அதிலேயே இருந்தது. புதன்கிழமை இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 0.7 இன்ச் துளையின் பரப்பு சுமார் 248 சதுர மில்லிமீட்டர். சிலிண்டரின் முழு ஓட்டம் 25 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரு முழு மிதிக்கு 6.2 மில்லி ஆயில் பின் லைனில் போக வேண்டும். பத்து மிதிக்கு 62 மில்லி. வியாழக்கிழமை சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டு, இடது பின் நிப்பிளை மட்டும் திறந்து பத்து மிதி மிதிக்கச் சொல்லி, வந்த ஆயிலை இருமல் மருந்து அளக்கும் குப்பியில் அளந்தேன். 25 மில்லி. பாதிகூட இல்லை.

அந்த எண்தான் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது. சிலிண்டர் 25 மில்லிமீட்டருக்குப் பதில் 10 மில்லிமீட்டர்தான் ஓடுகிறது. ஏன்?

விடையைக் கண்டுபிடித்தது என் மகள். பதினான்கு வயது, டார்ச் பிடிக்க வந்தவள். பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு நான் உட்கார்ந்து மிதிக்க, அவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீங்க மிதிக்கும்போது இந்தக் கம்பி கோணலாத் திரும்புது. அப்படித்தான் திரும்பணுமா?"

"எந்தக் கம்பி கண்ணு?"

"குறுக்கால போகுதே, அது. இந்தப் பக்கம் முன்னால போகுது, அந்தப் பக்கம் நின்னுடுது. அப்புறம் குழாயில போய் இடிக்குது."

இறங்கி வந்து, அவளை மிதிக்கச் சொல்லி நானே பார்த்தேன். பின் நிப்பிள் திறந்திருக்கிறது. அந்தச் சிலிண்டருக்கு எதிர்ப்பே இல்லை, அதன் பக்கம் கம்பி ஓடுகிறது. முன் சுற்று மூடியிருக்கிறது. பேட்கள் டிஸ்க்கைத் தொட்டதும் முன் சிலிண்டர் அதற்கு மேல் அசையாது. ஒரு முனை நிற்க, மறுமுனை ஓட, கம்பி சாய்கிறது. சாய்ந்து சாய்ந்து புஷ் ராடின் கொண்டி பெடல் குழாயில் இடித்துப் பூட்டிக்கொள்கிறது. அதுதான் எனக்குக் காலில் தெரிந்த கல். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பின் சிலிண்டர் நகராது.

ஒரு பக்கத் தட்டில் மட்டும் பாரத்தைத் தூக்கிவிட்டால் தராசு என்ன செய்யுமோ அதையேதான் இதுவும் செய்திருக்கிறது.

ஆயில் குறைவாக வருகிறது என்பது மட்டும் பிரச்சினை என்றால் இன்னும் பத்து மிதி கூட மிதித்துவிடலாம். அது மட்டும் இல்லை. 3/16 இன்ச் குழாயின் உள்விட்டம் சுமார் 3.3 மில்லிமீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில் 9 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக ஆயில் நிற்கும். முழு மிதிக்குக் குழாயில் ஆயில் 70 சென்டிமீட்டர் நகரும். எனக்கு நகர்ந்தது 28 சென்டிமீட்டர். என் பின் லைன் பெடல் பெட்டியிலிருந்து, வண்டியின் நடுவே நீளமாக ஓடும் சுரங்கம் போன்ற பெட்டியின் மேல்விளிம்போடு போய், கியர்பாக்ஸ் தாண்டிக் கீழே இறங்குகிறது. மேட்டில் காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கும். சின்ன மிதிக்கு அது கொஞ்ச தூரம் கீழே தள்ளப்படும். பெடலை விட்டு அடுத்த மிதிக்குத் தயாராவதற்குள் திரும்ப மேட்டுக்கு மிதந்து வந்துவிடும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், வெளியே வராது. நிப்பிளில் குமிழி இல்லாத ஆயில் வந்தது அதனால்தான். காற்று தீர்ந்துபோகவில்லை. நிப்பிளுக்கு வந்து சேரவே இல்லை.

பெடல் பெட்டியோடு வந்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். முன் நிப்பிள் ஒன்றையும் பின் நிப்பிள் ஒன்றையும் ஒரே சமயத்தில் திறந்துதான் ஏர் எடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஆனால் காரணம் தெரிந்த பிறகு படித்தபோதுதான் அந்த ஒரு வரியின் கனம் புரிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை ஆள் கூட்டிக்கொண்டோம். மகள் பெடலில். நான் பின்சக்கரத்தில். எதிர்வீட்டுப் பெரியவர், பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முன்சக்கரத்தில். மாஸ்டர் சிலிண்டர்களுக்கு ஆயில் கொடுக்கும் இரண்டு டப்பாக்களையும் மனைவி பார்த்துக்கொண்டாள். இந்த வேலையில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான பொறுப்பு. இரண்டு சுற்றிலும் ஒரே நேரத்தில் ஆயில் இறங்குவதால் டப்பா வேகமாகக் காலியாகும். ஒருமுறை அடிமட்டத்துக்குப் போய்க் காற்றை இழுத்துவிட்டால் அதுவரை செய்த வேலை எல்லாம் போச்சு. ஐந்து மிதிக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கட்டாயமாக வைத்துக்கொண்டோம்.

தொடங்குவதற்கு முன் பின்பக்க ஸ்டாண்டை ஒரு பல் உயர்த்தினேன். மாஸ்டர் சிலிண்டரின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தால் சிலிண்டரின் மூக்கு தாழும். காற்று பின்னால் நகர்ந்து டப்பாவுக்குப் போகிற துளை வழியாக மேலே வந்துவிடும். மெதுவாக, ஒரு விரல் அளவு மட்டும் பெடலைப் பலமுறை அசைக்கச் சொன்னேன். இரண்டு டப்பாவிலும் பொடிப் பொடியாகக் குமிழி வந்து நின்றது.

நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய். முதலில் மேல்நோக்கி ஒரு வளைவு, அப்புறம்தான் கீழே பாட்டிலுக்கு. பாட்டிலில் குழாயின் முனை ஆயிலில் மூழ்கியிருக்கும். மேல்நோக்கிய அந்த வளைவு இருந்தால் வெளியே வந்த குமிழி திரும்பி உள்ளே போகாது, கண்ணுக்கும் தெரியும்.

முன் காலிப்பர் நான்கு பிஸ்டன் வகை. உள்பாதிக்கு ஒன்று, வெளிப்பாதிக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிப்பிள். பின் காலிப்பருக்கு ஒன்றுதான். எனவே இடது பின் நிப்பிளோடு இடது முன் உள்நிப்பிள். அடுத்து அதே பின் நிப்பிளோடு முன் வெளிநிப்பிள். அப்புறம் வலப்பக்கமும் அப்படியே. நான்கு சுற்று. "மிதி" என்றதும் இரண்டு பேரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பார் சாய்ந்துவிடுகிறது. முதல் நாலைந்து மிதி தடுமாறியது. அப்புறம் பெரியவர் ஒரு யோசனை சொன்னார்: மிதிப்பதற்கு முன்பே இருவரும் ஸ்பேனரைத் தளர்த்திவிடலாம், குழாயின் முனைதான் ஆயிலில் மூழ்கியிருக்கிறதே, பெடல் தரையைத் தொட்டதும் இருவரும் மூடிய பிறகு பெடலை விடலாம். அதுவே சரியாக வந்தது.

பெடல் முதன்முறையாகக் கடைசிவரை போனது. மேலேயிருந்து பார்த்தால் பார் நேராக, இரண்டு முனையும் சேர்ந்தே முன்னேறியது. பத்து மிதிக்குப் பின்பக்கம் 55 மில்லி, முன்பக்கம் 44 மில்லி. இரண்டையும் அதனதன் துளைப் பரப்பால் வகுத்தால் சிலிண்டர் ஓட்டம் ஒரே அளவு, சுமார் 22 மில்லிமீட்டர். தாளில் போட்ட கணக்கும் பாட்டிலில் நின்ற ஆயிலும் ஒத்துப்போன அந்த நிமிடம் எனக்குப் பெரிய நிம்மதி. ஐந்தாவது மிதியில் இடது பின் குழாயில் அரை அடி நீளத்துக்குக் காற்று வந்தது. சுரங்க மேட்டில் ஒரு வாரமாகக் குடியிருந்தது அதுதான் என்று நம்புகிறேன்.

இவ்வளவு பேர் கிடைக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. டப்பாவின் மூடியில் காற்றழுத்தம் கொடுத்து ஆயிலைத் தள்ளும் கருவி இருக்கிறது. பெடலையே தொட வேண்டாம் என்பதால் பாரும் சாயாது. என் டப்பாக்களுக்குப் பொருந்துகிற மூடி கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

மாலையில் மிதித்துப் பார்த்தால் பெடல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. முதல் மிதிக்கு ஒரு உயரம். உடனே இரண்டாவது மிதித்தால் அதைவிட இரண்டரை சென்டிமீட்டர் மேலே நின்றது. பேலன்ஸ் பாரின் அசைவைப் பார்க்கும்போது பின் சிலிண்டர் பக்கத்து முனைதான் கூடுதலாகப் போகிறது. எவ்வளவு காற்றுக்கு இவ்வளவு அசைவு என்று திரும்பவும் கணக்குக்கே போனேன். 20 பார் (வளிமண்டலத்தைப் போல இருபது மடங்கு) அழுத்தத்தில் ஒரு மில்லி காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பின் சிலிண்டர் அதற்காகக் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பேரிங் நடுவில் இருப்பதால் அதில் பாதி, 2 மில்லிமீட்டர்தான் பாரின் நடுவில் தெரியும். என் பெடலின் விகிதம் ஐந்துக்கு ஒன்று. ஆக, பின் லைனில் ஒரு மில்லி காற்றுக்குக் காலடியில் ஒரு சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் என்றால் இரண்டரை மில்லி. அரை தேக்கரண்டி. இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும்: பார் சராசரி போடுவதால் ஒரு சுற்றில் இருக்கிற காற்றை அது காலுக்குப் பாதியாகக் குறைத்தே காட்டும். அதனால் இப்படிப்பட்ட பெடலில் "பரவாயில்லை, ஓரளவு நன்றாக இருக்கிறது" என்பதை ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. பெடல் பெட்டியைத் திறந்து, மிதிக்கும்போது பார் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். காற்று இருக்கிற சுற்றை அது கைநீட்டிக் காட்டிவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை பின் காலிப்பர்களோடு போனது. இவை கைப்பிரேக் இயந்திரமும் உள்ளேயே இருக்கும் வகை. எந்தக் காருக்காகச் செய்தார்களோ அதில் நிப்பிள் உச்சியில் நின்றிருக்கும். என் வண்டியின் பின் தாங்கியில் காலிப்பர் வேறு கோணத்தில் உட்கார்கிறது. நிப்பிள் மேலேதான் இருக்கிறது, ஆனால் உச்சியில் இல்லை. அதைவிட ஒரு விரல் உயரத்தில் பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. காற்று எப்போதும் உச்சியைத்தான் தேடும். அந்த மூலையில் தங்கிய காற்றை எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே தள்ள முடியாது.

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, டிஸ்க்கின் கனத்துக்கு ஒரு மரக்கட்டையைப் பேட்களுக்கு நடுவே செருகினேன். கட்டை இல்லாமல் யாராவது பெடலைத் தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஹோஸை முறுக்காமல் காலிப்பரைக் கையில் தூக்கி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி சாய்த்து, ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே "மிதி" என்றேன். முன்பக்கம் பெரியவர் கூடவே திறந்தார். மூன்றாவது மிதியில் குழாயில் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெறும் காற்று. 5 மில்லிமீட்டர் குழாய், எனவே ஒன்றரை மில்லி. வலப்பக்கக் காலிப்பரில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லி. கூட்டினால் இரண்டரை.

மகள் முந்தின வாரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

காலிப்பரைத் திரும்பப் பூட்டியதும் முதல் மிதியும் இரண்டாவது மிதியும் ஒரே உயரத்தில் நின்றன. பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, ஒவ்வொரு குழாய் இணைப்பு நட்டுக்கும் அடியில் டிஷ்யூ தாள் கட்டி இரவு முழுவதும் விட்டேன். காலையில் எல்லாத் தாளும் காய்ந்திருந்தன. முன் வலது ஹோஸின் அடியில் மட்டும் ஒரு பொட்டு ஈரம். செம்பு வாஷரை மாற்றியதும் சரியாயிற்று.

அப்புறம் பாரை அமைத்தேன். பெடல் சும்மா இருக்கும்போது பார் நேராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தி மிதித்திருக்கும்போதுதான் அது நேராக இருக்க வேண்டும். சும்மா இருக்கையில் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. புஷ் ராடின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் அதைக் கொண்டுவர வேண்டும். கொண்டிகளுக்கும் பெடல் குழாய்க்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியும் விட வேண்டும், இல்லாவிட்டால் பார் சாய இடமில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு தப்பு செய்தேன். முன் புஷ் ராடை நீட்டினபோது அதன் சும்மா ஆட்டம் முழுவதும் போய்விட்டது. பக்கத்துத் தொழிற்பேட்டையில், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத தனியார் முற்றத்தில் அனுமதி வாங்கி, நடக்கிற வேகத்தில் நான்கு சுற்று ஓட்டினோம். மூன்றாவது சுற்றிலேயே வண்டி கனமாக நகர்ந்தது. இறங்கி முன் டிஸ்க் பக்கம் கை கொண்டுபோனால் அனல். பெடலை விட்ட பிறகும் பிஸ்டன் முழுவதும் பின்னால் வரவில்லை. டப்பாவுக்குப் போகிற சிறுதுளை மூடியே இருக்கிறது, சூட்டில் விரிந்த ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் பேட்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடலின் பின்தடுப்பு போல்ட்டை மூன்று சுற்று பின்னுக்குத் திருகி, இரண்டு புஷ் ராடிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் வரும்படி வைத்ததும் சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றியது. ஏர் எடுத்து முடித்துப் பாரை அமைத்தவர்கள் கடைசியாக இதை ஒருமுறை விரலால் ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.

மறுபடியும் நான்கு சுற்று. மணிக்கு 20 மைலில் ஓங்கி மிதித்தபோது முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து பிடித்துக் கீச்சிட்டது, பின்சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். இந்த நாட்டில் இப்படிக் கையால் கட்டிய காரைச் சாலையில் பதிவு செய்வதற்கு ஐவிஏ என்ற தனிவண்டிச் சோதனை உண்டு. 2009இல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதிலாக வந்தது. அதிலும் முன்சக்கரம் முதலில் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பேலன்ஸ் பாரை ஓட்டுகிறவர் தன் இஷ்டத்துக்குத் திருக முடியாதபடி பூட்டியும் இருக்க வேண்டும். லாக் நட் இரண்டையும் இறுக்கி, மஞ்சள் பெயிண்டால் நட்டிலும் கம்பியிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்திருக்கிறேன். சோதனைத் தேதி கிடைத்ததும் கம்பியில் துளையிட்டு ஊசி அடித்துவிடுவேன். அதுவரை அந்த மஞ்சள் கோடு விலகியிருக்கிறதா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் மகள் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறாள்.